பெயர் வாசிக்கப்பட்ட காலம்

ஜும்ரி திலையா என்று ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள் வட இந்தியாவில் ஏராளம். எழுபதுகளில் விவித் பாரதியின் நேயர் விருப்ப நிகழ்ச்சி எதைத் திருப்பினாலும் அந்த ஊர்ப் பெயர் வந்து விழும். தில்லிக்காரர் பெயர் வரலாம், வராமலும் போகலாம்; லக்னோவுக்கும் இந்தூருக்கும் அதே கதிதான். ஜும்ரி திலையாவிலிருந்து மட்டும் யாராவது பாட்டுக் கேட்டு எழுதியிருப்பார்கள். சலித்துப்போன நேயர்கள் சிலர், இது அறிவிப்பாளர்களே இட்டுக்கட்டிய ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஊர் என்று கேலியாகச் சொல்ல இந்திக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

ஊர் இருக்கிறது. ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில் இருக்கிறது. 2000-ல் ஜார்க்கண்ட் பிரியும்வரை பீகாரில் இருந்தது. ஒரு காலத்தில் மைக்கா என்னும் காக்காப்பொன் அங்கிருந்து கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் கட்டிய முதல் அணையான திலையா அணை 1953-ல் திறக்கப்பட்டதும் அதன் அருகில்தான். சுரங்கமும் அணையும் வாங்கித் தராத புகழைத் தபால் கார்டு வாங்கித் தந்தது. 2017-ல் வெளிவந்த ‘ஜக்கா ஜாஸூஸ்’ இந்திப் படத்தில் அந்த ஊரின் பெயரை வைத்து ஒரு பாட்டே உண்டு. பாட்டுக் கேட்டுக் கேட்டே பாட்டில் இடம் பிடித்த ஊர்.

அங்கிருந்த ரசிகர்களைப் பற்றி உலவும் கதைகள் சுவையானவை. யார் பெயர் அதிகமுறை ஒலிபரப்பாகிறது என்று தெருவுக்குத் தெரு போட்டியாம். விலாசத்தை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் கட்டுக்கட்டாகக் கார்டு போட்டவர்கள் உண்டாம். போட்டிக்காரரின் கார்டு ஊரைவிட்டு வெளியேறாமல் இருக்கத் தபால் ஊழியரைக் ‘கவனித்தவர்களும்’ உண்டாம். இவற்றில் பாதியை மிகை என்று தள்ளிவிட்டாலும் மீதிப் பாதி போதும். எப்படியும் ஒலிபரப்பாகப் போகிற பாட்டுக்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். பாட்டு ஒரு சாக்கு. கேட்க விரும்பியது சொந்தப் பெயரை.

இந்தப் பழக்கம் வேர்விட்டதற்கு அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. மக்களின் ரசனையைத் திருத்துவது வானொலியின் கடமை என்று அவர் நினைத்தார். கட்டுப்பாடுகள் வந்தன, தயாரிப்பாளர்கள் முறைத்துக்கொண்டார்கள், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. ரசனை திருந்தவில்லை. நேயர்கள் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்காக நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள் கொழும்பின் கையில் இருந்தன; தேசம் முழுக்கக் கேட்டது.

1952 டிசம்பரில் அங்கே ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. ஒரு பற்பசைக்கு விளம்பரமான அந்த அரைமணி நேர நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்வார். நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். ஏழு பாட்டுகளைச் சரியாக வரிசைப்படுத்தி எழுதுபவருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் வாரமே சுமார் 9,000 கடிதங்கள் வந்ததாகவும், பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை போனதாகவும் சயானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த காலம் அது. 100 ரூபாய்க்காகத்தான் எல்லாரும் எழுதினார்கள் என்றால் நம்புவது சிரமம்.

அரசாங்கம் இறங்கி வந்து 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதியைத் தொடங்கியது. நேயர் விருப்பமும் வந்தது. எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்கள் பாட்டுக் கேட்பதற்கென்றே ‘ஜெய்மாலா’ வந்தது. அறிவிப்பாளர் முதலில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர் என்று சொல்லிக்கொண்டு வருவார். பிறகு விரும்பிக் கேட்டவர்கள்: ஊர், அந்த ஊர்க்காரர்கள், அடுத்த ஊர், அதன் ஆட்கள், அவர்களுடைய நண்பர்கள், குடும்பத்தார். சில சமயம் பாட்டைவிடப் பட்டியல் நீளமோ என்று தோன்றும்.

இன்று நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சாமானியன் பெயரை யார், எங்கே உரக்கச் சொன்னார்கள்? பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில். ரேஷன் கடையில். சர்க்கார் ஆஸ்பத்திரியில். கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை கூவும்போது. இந்த இடங்களிலெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், அல்லது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதையும் கேட்காமல், நல்ல குரலில், நல்ல உச்சரிப்பில், மரியாதையாக ஒருவன் பெயரைச் சொன்னது வானொலி மட்டும்தான். சுரங்க முதலாளியின் பெயருக்கும் தையல்காரர் பெயருக்கும் நடுவே அங்கே ஒரு கமாதான் இடைவெளி. பெயர் வந்த மறுநாள் அந்தத் தையல்காரர் டீக்கடையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள் சிரித்ததில் நியாயம் ஒன்றும் இல்லை.

தமிழர்களும் இதில் சளைத்தவர்களல்லர். இந்திக்காரர்களை இழுத்த அதே கொழும்பு நிலையம்தான் தமிழ் ஒலிபரப்பால் இங்கும் வீடுகளைப் பிடித்து வைத்திருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைச் சொந்தக்காரர் குரல்போல அடையாளம் கண்டுகொண்ட தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தில் பேரன் பெயரோடு தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என்று வரிசையாக வரும். ஒரு பெயர் விட்டுப்போனால் வீட்டில் மனஸ்தாபம். கடல் தாண்டிய ஒரு குரல் நம் தெருப் பிள்ளையின் பெயரைச் சொல்கிறது என்பதில் இருந்த பெருமிதம், ஜும்ரி திலையாவின் பெருமிதமேதான்.

இதற்காக அதைப் பொற்காலம் என்று கொண்டாடத் தேவையில்லை. வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் பரவும்வரை பெட்டி பெரிய வீட்டுக்குச் சொந்தம். மற்றவர்கள் திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் கேட்டார்கள். குமிழ் யார் கையில் இருந்தது என்பதும் முக்கியம். பெரும்பாலும் வீட்டு ஆண்களின் கையில். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணின் பெயர் வானொலியில் வருவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. அக்காவுக்குப் பிடித்த பாட்டைத் தம்பி பெயரில் கேட்டு எழுதுவது அவள் கண்டுபிடித்த வழி. பாட்டு வரும், பெயர் தம்பிக்குப் போகும். அமீன் சயானி ஒவ்வொரு முறையும் சகோதரிகளை முதலில் சொல்லி, பிறகுதான் சகோதரர்களை விளித்தார் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சமையலறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

பிறகு பெயரின் மதிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. 1990-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சுரபி’ நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் வந்து சாதனையாயிற்று. கேள்விக்கு விடை எழுதிப்போட்ட கார்டுகள் அவை. 15 காசு கார்டைச் சுமந்து மாளாத தபால் துறை, போட்டிகளுக்கென்று தனிக் கார்டே அச்சிட்டு விலையை 2 ரூபாய் ஆக்கியது. லட்சக்கணக்கான கார்டுகளில் சித்தார்த் காக்கும் ரேணுகா ஷஹானேயும் சில பெயர்களைத்தான் சொல்ல முடியும். கூப்பிடப்படுவது என்பது லாட்டரியாகிவிட்டது. 2004-ல் ‘இந்தியன் ஐடல்’ வந்தபோது பெயரே தேவைப்படவில்லை. ரசிகர் அனுப்பிய எஸ்.எம்.எஸ். ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். யார் அனுப்பினார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

செல்பேசியில் படம்பிடித்துப் போடும் வசதி வந்ததும் ஆள் மாறிவிட்டது. இனி யார் வாசிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தானே தன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். வயல் வரப்பில் ஆடியவர்கள், அடுப்படியில் பாட்டுக்கு வாயசைத்தவர்கள், செங்கல் சூளையில் வசனம் பேசியவர்கள் என்று சின்ன ஊர்களின் ஒரு கூட்டமே டிக்டாக்கில் கிளம்பியது. 2020 ஜூன் 29-ல் அரசு அதைத் தடை செய்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டிய முடிவு அது. அதன் நியாயம் தனி விவாதம். கவனிக்க வேண்டியது நகரங்களில் பலருக்கு ஏற்பட்ட நிம்மதி. ‘இந்தக் கோமாளித்தனம் ஒழிந்தது’ என்ற அந்தத் தொனி புதிதல்ல. ஜும்ரி திலையாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்புதான். நாகரிகமான நகரவாசி தன் வெளிநாட்டுப் பயணப் படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தடவை எடுத்துப் பார்ப்பதும் இதே பசிதான். அதற்கு மட்டும் யாரும் கேலிப்பெயர் வைக்கவில்லை.

ஆக, மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள், சுயவிளம்பரம் பெருகிவிட்டது என்று பெருமூச்சு விடுவது வீண். ஆசை அன்றும் இருந்தது, இதே அளவில் இருந்தது. மாறியது வேறொன்று. அன்று தன் பெயரைக் கேட்க வேண்டுமானால் அதற்கு முன் முப்பது பேர் பெயரைக் கேட்டாக வேண்டும். அடுத்த நேயரின் பெயரைத் தாண்டிக் குதிக்க வழி இருக்கவில்லை. அகோலா, ராஜ்நாந்த்காவ், ஜும்ரி திலையா என்று தேசப்படத்தில் தேடினாலும் சட்டென்று அகப்படாத ஊர்களில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பாட்டுதான் பிடித்திருக்கிறது என்பது காது வழியே ஏறியது. பள்ளிக்கூடப் புவியியல் சொல்லிக்கொடுக்காத இந்தியா அது. இன்று பெயரைச் சொல்ல எல்லோருக்கும் இடம் இருக்கிறது. அடுத்தவர் பெயர் வந்தால் விரல் நகர்ந்துவிடுகிறது.

அமீன் சயானி 2024 பிப்ரவரி 20-ல் மும்பையில் காலமானபோது அவருக்கு வயது 91. கோடர்மா வட்டாரத்தின் மைக்கா வியாபாரம் அதற்கு வெகுகாலம் முன்பே நொடித்துவிட்டது. ஜும்ரி திலையா என்றதும் ஒரு தலைமுறையின் முகத்தில் மட்டும் இன்னும் சின்னச் சிரிப்பு படர்கிறது. பட்டியலை முழுக்கக் கேட்டவர்களின் சிரிப்பு அது. அந்த ஊரில் யாரையும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அங்கே யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது தெரியும். பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவரைப் பற்றி இன்று அந்த அளவுகூடத் தெரிந்திருக்கிறதா என்பது சந்தேகம்தான்.