தேர் பழசா, கோயில் பழசா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் வரும். "பழைய கோயில் தேர்" என்று நாங்க சொன்னால் பழசு எது? தேரா, கோயிலா? சொற்கள் மூன்றுதான். 'பழைய' எதோடு சேருகிறது என்பதில் பொருள் மாறிவிடும். கலைப்பீடத்தில் மொழியியல் படிக்கிற நாங்கள் இதைக் கிளை பிரித்து மரமாக வரைவோம்.

கம்பைலரும் இதைத்தான் செய்கிறது. புரோகிராமை முதலில் மரமாக்கிக்கொண்டுதான் மற்ற வேலை.

2014 பெப்ரவரியில் ஆப்பிள் ஐபோனுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணைய இணைப்பின் பாதுகாப்பைச் சரிபார்க்கும் கோடில் 'கோடூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டும் உள்ளே தள்ளி எழுதப்பட்டதால், மேலே இருந்த 'இஃப்' நிபந்தனைக்கு இரண்டுமே அடங்கினவை போலத் தெரிந்தன. மரத்தில் இரண்டாவது வரி அந்தக் கிளையிலேயே இல்லை. அது எப்போதும் ஓடும். கையொப்பச் சோதனை நடக்காமலே போய்விடும்.

சொல்லை மட்டும் தேடினால் இது பிடிபடாது. அதே வரி பக்கத்திலேயே பல இடங்களில் சரியாகத்தான் இருக்கிறது. 'கிளாங்' கம்பைலரின் கருவிகளிடம் "இந்த அமைப்பில் கிளை எங்கே இருக்கு?" என்று கேட்கலாம். இப்படி ஏமாற்றும் வரிகளை எச்சரிக்கும் சோதனையும் 'கிளாங்-டைடி'யில் உண்டு.

கோடிங் எல்லாம் மெத்ஸ் படிச்ச பிள்ளைகளுக்குத்தான் என்று ஊரில் சொல்லுவாங்க. எது எதோடு சேருகிறது என்று கேட்பது இலக்கண வகுப்பின் வேலை. அந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம்தான். கருவியைத் தொட்டுப் பார்ப்பதுதான் மிச்சம்.