மூல ஓலை

தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பாடமாக நடத்தும்போதெல்லாம், அதிலுள்ள பக்தியைவிட வழக்குத்தான் மாணவர்களை அதிகம் கவர்கிறது. மணப்பந்தலுக்குள் வந்த முதிய வேதியர், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டும்படி அவையினர் கேட்கிறார்கள். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். அதைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு வருகிறது. படி அழிந்தாலும் மூலம் வேறொருவர் காப்பில் இருக்கும் என்பது சேக்கிழார் காலத்திலேயே வழக்காடுவோர் அறிந்த செய்தி. அதே செய்தி, ஒரு கைப்பேசியின் பொருட்டு எங்கள் செந்துறைப் பக்கத்தில் ஒருவருக்குத் தேவைப்பட்டது.

அவர் என் மாணவியின் தந்தை. சிறிதளவு முந்திரிக் கொல்லை உள்ளவர். கொட்டை விற்ற காசில் மகளுக்கு 12,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்கித் தந்தார், முழுவதும் ரொக்கம். எட்டாவது மாதம் திரை இருண்டுவிட்டது. வாரண்டி ஓராண்டு. ஆகவே கவலையில்லை என்றுதான் திருச்சியிலுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனார். அவர்கள் பில் கேட்டார்கள்.

பில்லைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களை அசட்டை என்று சொல்லிவிடலாம். இவர் தொலைக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்து வைத்திருந்தார். தாள் முழுவதும் கரிபோலக் கறுத்திருந்தது. கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகிறது. லேமினேஷன் எந்திரத்தின் சூட்டில் எழுத்தும் வெற்றிடமும் ஒன்றாகிவிடும். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால், நேர்மாறாக, வெளுத்துப் போகும். எப்படியாயினும் தேதி மறைகிறது.

அட்டைப்பெட்டி அவரிடம் இருந்தது. அதில் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருந்தது. *#06# என்று அழுத்தினால் கைப்பேசியே சொல்லும் எண் அது. ஆனால் அது எந்தக் கருவி என்று மட்டும் சொல்லும். என்று விற்கப்பட்டது என்று சொல்லாது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. அங்கே கேள்வி, சிலம்பு யாருடையது என்பது. வாரண்டியில் கேள்வி, பொருள் வாங்கிய நாள் எது என்பது. பொருளே சாட்சி சொல்ல இயலாத கேள்வி இது. கருவி முதன்முதல் இயக்கப்பட்ட நாளைத் தம் பதிவில் பார்த்து ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அந்த சர்வீஸ் சென்டரார் இசையவில்லை.

விற்ற கடைக்குத் திரும்பிப் போனார். "கம்ப்யூட்டர மாத்திட்டோம்ணே, பழசு எதுவும் இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள்.

இவ்விடத்தில்தான் மூல ஓலையின் நினைவு வந்தது. படி கறுத்துவிட்டது, மூலம் விற்றவரிடம் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும் என்கிறது. கணினியை மாற்றலாம்; கணக்கை அழிக்க முடியாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, ரசீது தராமையை முறையற்ற வணிகச் செயல் என்றே வகைப்படுத்துகிறது.

இவ்விரண்டையும் குறிப்பிட்டு அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். ஐஎம்இஐ எண், வாங்கிய மாதம், தொகை, தேவை ரசீதின் நகல். தராவிட்டால் தாம் வாழும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிட உரிமை உண்டு என்றும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்றும் கடைசி வரியில் சேர்த்தோம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் குறித்துவைத்திருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை. விரைவுத் தபால் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கடையிலிருந்து அழைத்தார்கள். "பழசு" இருந்தது.

திரையைக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். ஆனால் இருமுறை திருச்சிக்குப் போய்வந்த பேருந்துச் செலவையும், கொல்லை வேலை கெட்ட நாள்களையும் எந்த வாரண்டியும் ஈடுசெய்யாது. கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத தகப்பன்மார் எத்தனை பேர், கறுத்த தாளை மடித்து வைத்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள்? தாளோடு பழக்கமே இல்லாதவரிடம்தான் உலகம் அதிகமாகத் தாள் கேட்கிறது.

நண்பர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வாங்கிய அன்றே, ரசீதில் ஐஎம்இஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு அதைப் படமெடுத்து வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பிவையுங்கள். வாங்கிய கைப்பேசியிலேயே அந்தப் படம் இருந்தால், அது இருண்ட அன்று சாட்சியும் சேர்ந்து இருண்டுவிடும்.

மாணவியின் தந்தைக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கடையில் நகல் இரண்டாக வாங்கினார். ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, "இது ஒங்ககிட்ட இருக்கட்டும் சார்" என்று மற்றதை என்னிடம் தந்தார். வாரண்டிக் காலம் முடிந்தும் அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.