பனி உருகி வந்த ஏரி

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, புவியியல்)

எங்கள் ஆயா பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் அள்ளிப் பிழைத்தவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி, செத்த கிளிஞ்சல்களைக் கூடை கூடையாக அள்ளிக் கரைக்குக் கொண்டுவருவார்களாம். அவை சுண்ணாம்புச் சூளைக்குப் போகும். அந்தக் கிளிஞ்சலுக்கும் இமயமலைக்கும் உறவு உண்டு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் ஆயா வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

நானும் சிரித்தவன்தான். முதலாண்டில் பேராசிரியர் பனியாறு என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு ஐஸ் என்றால் இறால் பெட்டியில் உடைத்துப் போடுவது. பனி என்றால் மார்கழி விடியலில் வலையின் மேல் படிவது. மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு ஊர்ந்து வரும் பனியை எப்படி நினைத்துப் பார்ப்பது?

ஆனால் அது பின்வாங்கிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்னபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோடையில் எங்கள் ஏரி வற்றும்போது பாசியும் சிப்பியும் கரையில் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் எங்கெங்கே நின்று நின்று போயிற்று என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மலையிலும் அப்படித்தான். பனியாறு நின்ற இடமெல்லாம் கல்மேடாகக் கிடக்கிறது. அந்த மேட்டுப் பாறை பனியிலிருந்து வெளிப்பட்ட நாள் முதல் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அதன்மேல் படுகின்றன. பாறையிலுள்ள குவார்ட்சில் பெரிலியம்-10 என்னும் அணு சிறிது சிறிதாகச் சேர்கிறது. அதை அளந்தால் பனி விலகி எத்தனை ஆண்டாயிற்று என்று கணக்கிடலாம். அண்மைக் காலத்துக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பை 1935ஆம் ஆண்டிலேயே அளந்து வரைந்திருக்கிறார் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜே. பி. ஆடன். (ஆங்கில இலக்கிய நண்பர்கள் கவனிக்க: கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன் இவர்.) அன்றிலிருந்து அம்முகப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அந்தத் தண்ணீரெல்லாம் பனியாக நிலத்தின்மேல் கிடந்தது. மலைப்பனியின் பங்கு சிறிது. வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடியிருந்த பனிப்பாளங்களின் பங்கே பெரிது. எங்கள் கடற்கரை அப்போது பல மைல் கிழக்கே இருந்தது. ஏரி இல்லை, குப்பம் இல்லை. பனி உருக உருகக் கடல் ஏறியது. ஒரே சீராகவும் ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பு சில நூறு ஆண்டுகளுக்குள்ளேயே பதினைந்து மீட்டர் அளவுக்கு உயர்ந்ததாம். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வேகம் தணிந்தது. அதன்பின் அலைகள் மணலைக் குவித்து நீண்ட திட்டாக்கின. 1971 முதல் ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா அப்படிப்பட்ட மணல்தான். அதற்கு மேற்கே அகப்பட்ட நீர் எங்கள் ஏரி.

இதற்குச் சாட்சி, சேற்றுக்குள் கிடக்கும் கிளிஞ்சல். அதிலுள்ள கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, கடல்நீரில் கலந்துள்ள பழைய கார்பனுக்காகச் சற்றுத் திருத்திக்கொண்டால், அந்த மட்டி உயிரோடிருந்த காலம் தெரியும். ஆயா கூடை கூடையாகச் சூளைக்குக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசில்தான் என் நைனா வளர்ந்தார்.

பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளாக முகத்துவாரம் மணல் மூடிக்கொள்கிறது. இறால் குஞ்சு உள்ளே வருவதில்லை. பாடு முறையில் எங்கள் முறை வந்தாலும் வலையில் பாசிதான் மிஞ்சுகிறது. அண்ணன் சென்னைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். நைனா 2004 சுனாமியைக் கண்ணால் கண்டவர். கடல் ஒரு நொடியில் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்குலம் அங்குலமாக வந்தது என்பதை நம்பத் தயங்கினார்.

"அப்போ நம்ம ஏரி வந்ததே அந்தப் பனியாலதானா?"

"ஆமா நைனா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தப் பனி இன்னும் மிச்சம் இருக்கா?"

கிரீன்லாந்தையும் அண்டார்டிகாவையும் சொன்னேன். எல்லாம் உருகினால் அறுபது மீட்டருக்கு மேல் ஏறும், ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், இப்போது ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஏறுகிறது என்றும் சொன்னேன். நாலு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். அவர் கையிலிருந்த வலையின் ஓரக்கயிற்றைக் காட்டி, ஏறக்குறைய இந்தக் கனம் என்றேன்.

நைனா அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, வாசற்படியையும் அதற்கப்பால் தெரிந்த தண்ணீரையும் பார்த்தார்.

"நாளைக்கு நம்ம பாடு. நாலு மணிக்கு எழுப்பு தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையில் குனிந்தார்.