வடலியும் வளர்ச்சியும்

மாலை நான்கு மணிக்கு மேல் யாழ்ப்பாணத்தின் எந்த ஊர் மைதானத்திற்குச் சென்றாலும் மதிலோரத்தில் நாலு பேர் இருப்பர். மைதானத்தில் ஆடுவோர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவர். மதிலோரத்தில் இருப்போர் மாறுவதில்லை. புதிய பிள்ளை ஒன்று பந்தைத் தொட்டுப் பத்து நிமிடம் ஆகுமுன்னரே அவர்களது தீர்ப்பு வெளிவந்துவிடும். “இது தேறாது” என்பது ஒரு தீர்ப்பு. “இவன் இலங்கைக்கு ஆடுவான்” என்பது மற்றது. விளையும் பயிரை முளையிலே தெரியும் என்னும் முதுமொழி இரண்டிற்கும் துணை நிற்கும். நெல்லுக்குப் பொருந்தும் மொழி பனைக்கும் பொருந்துமா என்று, பனை சூழ்ந்த இம்மண்ணில் எவரும் கேட்பதில்லை.

புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை முதன்முதற் காண்பவர் கண்ணிற் படுவது ஒன்றே: அவரது உயரம். 2.08 மீற்றர் உயரமுள்ள பெண்ணொருவர் உலக அரங்குகளிலேயே அரிதாகக் காணப்படுபவர். உயரமான பெண்பிள்ளையை ஊர்க்கண் எவ்வாறு நோக்கும் என்பது யாவரும் அறிந்ததே. திருமணப் பேச்சு வரை சென்று கவலைப்படும் சமூகம், அவ்வுயரத்தில் ஒரு கலை உறங்குவதைக் காண முயல்வதில்லை. அவரைப் போற்றியோரும் இதே பிழையைச் செய்தனர் எனலாம். “உயரம் இருக்கிறது, போடுகிறார்” என்று கூறி, அவரது உழைப்பு முழுவதையும் எலும்பின் நீளமாகச் சுருக்கிவிட்டனர்.

வலைப்பந்தாட்டத்தின் விதிகளை நோக்குமிடத்து இக்கூற்றின் வெறுமை புலனாகும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. கூடைப்பந்தாட்டத்திற் போல அதன் பின்னாற் பலகை இல்லை. பலகையிற் பட்டு விழும் வாய்ப்பு இல்லாமையால் எறிவு பிழையற்றதாக அமைதல் வேண்டும். பந்தைப் பெற்றவர் ஓடவும் முடியாது. மூன்று வினாடிக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. தடுப்பவர் முன்னே நெருக்கிநிற்க, தலைக்குமேல் வரும் பந்தை எட்டிப்பிடித்து, கால் பிசகாது இறங்கி, கணப்பொழுதில் எறிதல் உயரத்தால் வருவதன்று. ஆண்டுக்கணக்கிற் பழகி வருவது. 2009 ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் தர்ஜினி இடம்பெற்றார். பின்னர் அவுஸ்திரேலியாவின் விக்டோரிய மாநில லீக்கிலும் ஆடினார். 2018 இலும் 2022 இலும் சிங்கப்பூரில் இலங்கை மீண்டும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் வளையத்தின் கீழ் அவர் நின்றார். முதல் வெற்றிக்கும் மூன்றாவதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். உயரம் மாறவில்லை, மாறியது ஆட்டமே.

இகழ்ச்சி அவசரப்படுவது போலவே புகழ்ச்சியும் அவசரப்படும். யாழ். மத்திய கல்லூரியில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக முதன்முறை களமிறங்கினார். பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில் நின்ற அவ்விளைஞர் முதலில் வீழ்த்தியது அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை. அன்றிரவே ஊர் அவரைச் சிகரத்தில் ஏற்றியது. 2024 மே 8 ஆம் நாள் இந்தியன் பிரீமியர் லீக்கில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக அவர் முதலாவது ஆட்டத்தை ஆடியபோது விக்கெட் எதுவும் கிட்டவில்லை. அவ்வணியின் தொடக்க வீரர் இருவரும் பத்து ஓவர்களுக்குள் ஓட்ட இலக்கை அடைந்துவிட, பேச்செல்லாம் அவர்களைப் பற்றியதாயிற்று. ஒரு பந்து வீச்சாளனை அளக்க அந்த முதல் விக்கெட்டும் போதாது. விக்கெட் இல்லாத அந்த இரவும் போதாது.

அளப்பதையே தொழிலாகக் கொண்டோரும் இதில் இடறியுள்ளனர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் ஆண்டுதோறும் புதியவரை வரிசைப்படி தெரிவு செய்வர். உயரம், கைநீளம், பாய்ச்சல் யாவும் அளந்தே தெரிவு நடைபெறும். 2014 இல் சேர்பியாவின் நிகோலா யோக்கிச் 41 ஆவதாகவே தெரிவானார். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் அதிசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. அவருக்கு முன் நாற்பது பேரைத் தேர்ந்தவர்கள் அறிவிலிகளல்லர். இன்று இருப்பதை அளக்கக் கருவி உண்டு. நாளை கற்கப்போவதை அளக்கக் கருவி இல்லை.

பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே வருவதில்லை, நிலத்தினுள் இறங்குகிறது. பல ஆண்டுகள் அது ஓலைகள் சில விரித்த வடலியாகவே நிற்கும். மேலே காண்பது சிறிது. கீழே நடப்பது பெரிது. அக்காலத்தில் அதற்கு வேண்டியது தீர்ப்பன்று, வேலியே.

மைதானத்திற்குப் புதிதாக வரும் பிள்ளைக்கும் அதுவே வேண்டும். பெரிய ஆட்டக்காரரை மதிலோரச் சொல் வீழ்த்துவதில்லை. அவர்கள் அதைத் தாண்டியவர்கள். தாண்ட முடியாது திரும்பியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கழுத்தைக் குனிந்து உயரத்தை மறைத்து நிற்கும் ஒரு சிறுமி இன்று மாலை முதன்முறையாகப் பந்தை எறிந்து தவறவிடக்கூடும். அவள் நாளையும் வருவாளா என்பது, பந்து விழுந்த அக்கணத்தில் மதிலோரத்திலிருந்து எழும் சொல்லைப் பொறுத்தது. சொல்ல ஒன்றும் தோன்றாவிடின், பந்தை எடுத்து மீண்டும் அவள் கையிற் கொடுத்தாலே போதும்.