ஏழரைப் பாகை

ஆரணியின் நெசவாளர் தெருக்கள் விடியுமுன்பே விழித்துவிடுகின்றன. வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்து, மீண்டும் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அதன்பின் பொழுது சாயும்வரை தறியோசை ஒன்றே தெருவை ஆளும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரின் பெயர் தாங்கிய பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இருப்பவை தறிக்குழியில் தொங்கும் கால்களும் இழையைவிட்டு அகலாத கண்களும்தாம்.

அத்தகைய வீடொன்றில், தறிக்கு எதிர்ச்சுவரில் சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம் ஒன்று தொங்கியது. தறிக்குழியில் அமர்ந்து நிமிர்ந்தால் அது மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் எண்கள் பாதி மங்கியிருந்தன. ஆயினும் அவ்வீட்டுத் தாத்தா நாடாவை நிறுத்தாமலே நேரம் சொல்லிவிடுவார். அவருக்கு எண்கள் தேவைப்படவில்லை; முட்கள் விரிந்திருக்கும் விதமே போதுமானதாக இருந்தது.

பதினொன்றாம் வகுப்பில் படித்த அவருடைய பேத்திக்கு ஒருநாள் பள்ளித் தேர்வில் ஒரு வினா வந்தது. மணி மூன்றேகால் ஆகும்போது இரு முட்களுக்கும் இடைப்பட்ட கோணம் எவ்வளவு? நிமிட முள் மூன்றில் நிற்கும். மணி முள்ளும் மூன்றில் நிற்கும். எனவே சுழி என எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

வீடு திரும்பியவள் விடைத்தாளைப் பையிலிருந்து எடுக்கும்போதே கடிகாரம் மூன்றேகாலை நெருங்கிக்கொண்டிருந்தது. "தாத்தா, அந்த இரண்டு முள்ளும் இப்போது எப்படி இருக்கின்றன?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, கண்ணு."

சாட்சி கிடைத்த மகிழ்ச்சியில் அவள் சுவரருகே போனாள். நிமிட முள் மூன்றின்மேல் நின்றது. மணி முள்ளோ மூன்றைக் கடந்து சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஆசிரியர் சொன்னதே சரி.

அன்றிரவு அவள் கணக்கைப் புதிதாகப் போட்டாள். நிமிட முள் 60 நிமிடத்தில் 360 பாகை சுற்றுகிறது; நிமிடத்துக்கு 6 பாகை. மணி முள் அதே 60 நிமிடத்தில் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு, அதாவது 30 பாகை நகர்கிறது. நிமிடத்துக்கு அரைப் பாகை. நகர்வது தெரியாததால் அது நிற்கிறது என்று கொள்வதே இக்கணக்கில் பெரும்பாலோர் செய்யும் பிழை. மூன்று மணிக்கு முட்களிடையே 90 பாகை. ஒவ்வொரு நிமிடமும் நிமிட முள் 5½ பாகை நெருங்குகிறது. 15 நிமிடத்தில் 82½ பாகையைக் கடந்துவிடும். எஞ்சுவது ஏழரை.

இந்த 82½ நமக்குப் பழக்கமான எண்தான். இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. புவி மணிக்கு 15 பாகை சுழல்கிறது; நம் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5½ மணி முந்தியது. இரண்டையும் பெருக்கினால் அதே 82½. ஆரணியோ அக்கோட்டுக்கு மேற்கே ஏறக்குறைய மூன்றேகால் பாகை தள்ளியிருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்பதால், ஆண்டுச் சராசரியில் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஏறத்தாழ 13 நிமிடம் கழித்தே இவ்வூரின் உச்சிக்கு வெயில் வருகிறது. எந்தக் கடிகாரமும் ஏதோ ஓரிடத்தின் நேரத்தைத்தான் காட்டுகிறது. பழந்தமிழர் நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்நேரத்தில் மணி முள் 12 பாகையும் நிமிட முள் 144 பாகையும் நகரும். அவளும் இதையெல்லாம் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்து மகிழ்ந்தாள்.

விடை கிடைத்தபின் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முள்ளைப் பார்க்காமல் சுழி என்றாள். தாத்தா பார்த்துவிட்டும் அதையே சொன்னார்.

மறுநாள் பிற்பகல் அவள் தறியருகே அமர்ந்து தார் சுற்றியபடி, முட்கள் எப்போது சேர்கின்றன, எப்போது பிரிகின்றன என்று சொல்லுமாறு அவரிடம் கேட்டாள். பிள்ளையின் பாடத்துக்காகத்தானே என்று அவரும் இசைந்தார். மூன்று மணி 14 நிமிடத்தில் பிரிந்திருப்பதாகச் சொன்னார். 15இல் ஒட்டிவிட்டன என்றார். 18இல்தான் மீண்டும் பிரிந்தன என்றார். உண்மையில் அவை சேர்ந்தது ஒரே ஒரு கணம்: 90ஐ 5½ ஆல் வகுத்தால் கிடைக்கும் 16 நிமிடம் 22 நொடியில். 14ஆம் நிமிடத்தில் இடைவெளி 13 பாகை, 15இல் ஏழரை, 18இல் 9. ஏழரைப் பாகை அவருக்கு இடைவெளியாகவே தெரியவில்லை.

நாற்காலி போட்டு ஏறி மணி முள்ளை அளந்தாள். நீளம் 7 செ.மீ. அதன் நுனி வரையும் வட்டத்தின் சுற்றளவு 44 செ.மீ. ஏழரைப் பாகை என்பது வட்டத்தில் 48இல் ஒரு பங்கு. 44ஐ 48ஆல் வகுத்தால் சுமார் 9 மி.மீ. மூன்று மீட்டர் தொலைவில் தெரியாத 9 மி.மீ., அதில் ஆறில் ஒரு பங்குத் தொலைவான அரை மீட்டரில், அதாவது தறியில் அவர் கண்ணுக்கும் பாவுக்கும் இடையே உள்ள தொலைவில், ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் பட்டுப் பாவின் பல இழைகள் அடங்கும்.

சென்ற மாதம் ஒரு சேலை திரும்பி வந்ததும், இழை தப்பியிருப்பதாகக் கூறிக் கூலியில் பிடித்தம் செய்ததும், அப்பா பாவின் மீது பழி போட்டதும் அவள் நினைவுக்கு வந்தன. தாத்தா அன்று ஒன்றும் பேசவில்லை. கரையையும் முந்தானையையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, உடல் பகுதியை மட்டும் தாம் நெய்வதாகச் சொன்னார். அவர் கண்ணால் அன்று, விரலால் நெய்துகொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு நாள் அவள் வாய் திறக்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் அன்றே தறியிலிருந்து அவரை எழுப்பிவிடுவார்கள். ஐம்பது ஆண்டு இருந்த இடத்திலிருந்து ஒருவரை ஒரு கணக்கைக் காட்டி எழுப்புவதா? சொல்லாவிட்டால் அடுத்த சேலையும் திரும்பும். மூன்றாம் நாள் அவள் தாளுடன் தாத்தாவிடமே சென்றாள். கூட்டிக் குறைக்காமல், வகுத்த வகுத்தலோடு அனைத்தையும் சொன்னாள்.

அவர் நாடாவை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எவ்வளவு என்றாய்?" என்றார்.

"ஏழரை."

"ஏழரையா? அதுதானே பார்த்தேன். சனி கண்ணிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான்" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "உன் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

கண்புரை என்றார்கள். நம் நாட்டில் பார்வை இழப்புக்கு முதன்மைக் காரணம் அதுவே. விழியின் வில்லை மெல்ல மெல்ல மங்குவதால் இழப்பவர்க்கே இழப்பு தெரிவதில்லை. மணி முள்ளின் நகர்வைப் போன்றதுதான் அதுவும். மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவை சிகிச்சை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தால் ஊர்தோறும் முகாம்கள் நடைபெறுகின்றன. அப்படியொரு முகாமில்தான் அவருக்கும் அது செய்யப்பட்டது. செலவைவிட அவரைத் தயங்க வைத்தது, கண்கட்டோடு சும்மா இருக்க வேண்டிய நாள்கள்.

அந்நாள்களில் அவருடைய தறியில் வேறு எவரும் அமரவில்லை. பாதி நெய்த சேலை துணி போர்த்தியபடி கிடந்தது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று மருத்துவர் சொன்ன பிற்பகலில் அவர் தறிக்குழியில் இறங்கினார். பேத்தி பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"ஏழரை வந்துவிட்டது, கண்ணு. நன்றாகத் தெரிகிறது."

பிறகு போர்வையை விலக்கி, தாம் முன்பு நெய்த பகுதியின்மேல் குனிந்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே இரண்டு இழைகள் தப்பியிருந்தன. யாரையும் அழைக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, தம் கையால் நெய்த ஊடையை இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினார்.