அண்ணாச்சி, மோட்டார் தானா நின்னுடும்!

மக்களே, ஒரு 'சமம்' குறி உங்க ஷூவை எப்பவாச்சும் நனைச்சிருக்கா? என் ஷூவை நனைச்சிருக்கு.

நான் மூணாம் வருஷம் ட்ரிபிள்-ஈ. ராஜபாளையத்துல ஒரு நூற்பாலையில இன்டர்ன். முதல் ரெண்டு வாரம் டீ குடிக்கத்தான் பயிற்சி. மூணாவது வாரம் சூப்பர்வைசர் ஒரு குட்டி வேலை தந்தார். மேல்நிலைத் தொட்டி 80 சதவிகிதம் நிரம்பினதும் மோட்டார் தானா நிக்கணும். அதுவரைக்கும் நைட் ஷிப்ட் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிதான் டார்ச்சோட படியேறிப் பார்த்து ஆஃப் பண்ணுவார். முட்டி வலிக்காரர்.

தொட்டியில இருக்கிற லெவல் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கரன்ட் அனுப்பும். அங்கிருந்த சீமென்ஸ் பிஎல்சி அதை 0 முதல் 27648 வரைக்குமான எண்ணா மாத்திக்கும். 80 சதவிகிதத்துக்குக் கணக்குப் போட்டா 22118.4. புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதைத் தூக்கிட்டு, 'லெவல் 22118-க்குச் சமமானால் மோட்டார் ஆஃப்'னு லேடர்ல ஒரு கம்பேரட்டர் வெச்சேன். சிமுலேட்டர்ல 22118னு டைப் பண்ணினேன். நின்னுச்சு! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு, "அண்ணாச்சி, இனிமே படியேற வேணாம். மோட்டார் தானா நின்னுடும்"னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

பாவம், நம்பிட்டார்.

காலையில போனா மொட்டை மாடியிலேர்ந்து குற்றாலம் கொட்டுது. பம்ப் ரூம்ல கணுக்கால் அளவு தண்ணி. "தூங்கிட்டியாய்யா?"னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் அண்ணாச்சியைக் கத்தினார். அவர் என்னைக் கை காட்டலை. நானும் வாயைத் திறக்கலை. அன்னிக்கு மதியம் சாப்பாடு இறங்கலைங்க.

ஞாயிற்றுக்கிழமை அவரே எங்களை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனார். மேற்குத் தொடர்ச்சி மலையிலேர்ந்து இறங்குற ஆறு. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தர்ற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் இந்தத் தண்ணிதான். சுள்ளுனு வெயில். ஜாலியா குளிச்சிட்டிருந்தோம். திடீர்னு, "ஏலே, எந்திரிங்க!"

"முழங்கால் அளவுதானே அண்ணாச்சி?"

"சருகு வருது, நிறம் மாறுது, பாக்கலையா? மேல மழை. இடுப்பளவு வரட்டும், அப்புறம் எந்திரிப்போம்னு இருப்பியா? இடுப்புல நிக்காது. ஒரே தாவா நெஞ்சுக்குப் போயிரும்."

கொஞ்ச நேரத்துல நாங்க உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்.

எனக்கு அந்தத் 'தாவு' உறைச்சுது. எங்க அனலாக் கார்டு 12 பிட். அது ஒண்ணு ஒண்ணா எண்ணாது, எட்டு எட்டாத் தாவும். 22112, அடுத்தது 22120. எட்டால வகுத்துப் பாருங்க, 22118 அந்த வரிசையிலேயே இல்லை! வராத எண்ணுக்காக விடிய விடியக் காத்திருந்திருக்கு என் புரோகிராம். இன்னும் நுணுக்கமான கார்டா இருந்தாலும் ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல லெவல் தாண்டிப் போயிடலாம். 'பெரியது அல்லது சமம்'னு போட்டிருக்கணும். சிமுலேட்டர்ல நானே கையால சரியான எண்ணை ஊட்டினா நிக்காம என்ன செய்யும்?

அங்கேயே, ஈரத் துண்டோட அண்ணாச்சிகிட்ட ஒப்பிச்சேன். அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "நாளைக்கு சூப்பர்வைசர்ட்ட நீயே சொல்லிரு"ன்னார். அவ்வளவுதான்.

திங்கள்கிழமை சொன்னேன். வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை, விடுங்க. பிளாக்கை மாத்தினேன். இப்போ வேற கூத்து. 80-ல நின்னுச்சு, ஆனா தண்ணி லேசா அலையடிச்சு 79.9 ஆனதும் திரும்ப ஓடுச்சு, திரும்ப நின்னுச்சு. கான்டாக்டர் டக்டக்குனு தந்தியடிக்குது. "தம்பி, மோட்டாரைக் கொன்னுருவே!"

கடைசியில ரெண்டு கம்பேரட்டர். லெவல் 40-க்குக் கீழ போனா செட், 80-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ரீசெட். நடுவுல இருக்கிறப்போ இருந்த நிலையிலேயே இருக்கும்.

அன்னிக்கு ராத்திரி நான் ரூமுக்குப் போகலை. ஒன்றரை மணிக்கு ஒரே ஒரு 'டக்'. மோட்டார் நின்னுச்சு. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். டார்ச்சை எடுத்தார். முட்டியைப் பிடிச்சுக்கிட்டே படியேறிப் போய்ப் பார்த்துட்டு வந்தார்.