மூன்று வாயில்கள்

நுழையும்முன்

கதை எழுத விழைவோர்க்குச் சொல்வதற்குச் செய்திகள் பல இருக்கும். அவற்றை எங்கே தொடங்குவது, எதை விடுப்பது, எந்த மொழியில் உரைப்பது என்பனவே இடர்ப்பாடுகள். ஓர் ஊரின் கோயில் பெரும் புதினமாக விரிந்த வகையை முன்வைத்து, புதினக் கலையின் அருமையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஊரும் கோயிலும்

குமரி மாவட்டத்துத் திருவட்டாறு, ஆறு வளைந்து சூழ்ந்தோடும் ஊர். அதனாலேயே வட்டாறு என்னும் பெயர் பெற்றது என்பர். நம்மாழ்வாரால் பாடப்பெற்ற ஆதிகேசவப் பெருமாள் கோயில் இங்குள்ளது. ஏறத்தாழ 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் திருமேனி, சாளக்கிராமக் கற்களும் கடுசர்க்கரைக் கலவையும் கொண்டு அமைக்கப்பட்டது. கருவறைக்கு மூன்று வாயில்கள் உள்ளன. எந்த வாயிலின்முன் நின்றாலும் முழுத் திருவுருவம் கண்ணுக்கு அகப்படாது. ஒன்றில் திருவடி, ஒன்றில் திருமார்பு, ஒன்றில் திருமுகம். மூன்றையும் கண்டு வெளியே வருபவரின் உள்ளத்தில்தான் உருவம் முழுமை பெறுகிறது.

இவ்வூரை அடுத்த திருவரம்பில் வளர்ந்தவர் எழுத்தாளர் ஜெயமோகன். 1997இல் வெளிவந்த அவரது ‘விஷ்ணுபுரம்’ புதினத்திற்கு வித்தாக அமைந்தது இக்கோயிலே.

கண்டதும் படைத்ததும்

ஆயினும் விஷ்ணுபுரம் திருவட்டாறு அன்று. புதினத்தில் வரும் ஆறு சோனா, மலை ஹரிததுங்கா, கோபுரங்களோ விண்ணை மறைக்கும் பேருருவங்கள். பள்ளிகொண்ட திருமாலாக நகரத்தார் வணங்கும் உருவத்தைத் தம் குலமுதல்வனாகிய பெருமூப்பன் என்று பழங்குடியினர் கருதுகின்றனர். கண்ட ஊரைக் கண்டவாறே எழுதினால் அது ஊர் வரலாறாகும். அவ்வூர் எழுப்பிய வியப்பையும் ஐயத்தையும் எடுத்துக்கொண்டு, அவை வாழ்வதற்குரிய வேறோர் ஊரைக் கட்டும்போதே புதினம் பிறக்கிறது. நன்கறிந்த ஊரைக் கைவிடத் துணிதல் புதின ஆசிரியருக்கு முதற்சோதனை.

புதினத்தின் அமைப்பும் கருதத்தக்கது. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்னும் மூன்று பகுதிகள் அடி, மார்பு, முடி என்னும் வரிசையை நினைவூட்டுகின்றன. காலமோ அவ்வரிசையில் செல்வதில்லை. இரண்டாம் பகுதி முன்னைய காலத்துத் தத்துவ விவாதங்களுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. மூன்றாம் பகுதி நகரின் அழிவைக் காட்டுகிறது. ஒரு பகுதியில் குருதியும் கண்ணீருமாக வாழ்ந்தவர், பின்வந்தோர் நாவில் தொன்மமாக மாறிவிடுகிறார். முழுமையை ஆசிரியர் உரைப்பதில்லை; கோயில் வாயில்களைக் கடந்து வந்தவர்போல வாசகரே அதனை இணைத்துக்கொள்ள வேண்டும்.

அளவுகோல்

இப்புதினம் வெளிவருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1992இல், ‘நாவல்’ என்னும் திறனாய்வு நூலை ஜெயமோகன் வெளியிட்டார். தமிழில் நாவல் எனப்படுவனவற்றுள் பல உண்மையில் குறுநாவல்களே என்றும், வாழ்வை முழுமையாக அள்ள முயல்வதே நாவல் என்றும் அதில் வாதிட்டார். டால்ஸ்டாய், தாஸ்தாயெவ்ஸ்கி போன்றோரின் பெரும்படைப்புகள் அவர் கண்முன் இருந்தன. பிறர் படைப்பைப் பெரிய கோலால் அளந்தவர் தம் படைப்பையும் அக்கோலின்முன் வைத்தாக வேண்டும். அது எளிதன்று, தவறினால் கோலும் பழிக்கப்படும், படைப்பும் பழிக்கப்படும்.

அந்த அச்சத்தைப் புதினத்திற்குள்ளேயே காணலாம். தன் காவியத்தை அரங்கேற்ற விஷ்ணுபுரத்திற்கு வரும் சங்கர்ஷணன் என்னும் கவிஞன் அங்கே அலைக்கழிகிறான். பல்லாண்டு உழைப்பைச் சுமந்து அறிஞர் அவையின் ஏற்புக்குக் காத்துநிற்கும் துன்பம், எழுதுவோர் அனைவர்க்கும் பொதுவானது.

மொழி என்னும் சோதனை

ஒரு புதினத்தில் கைவந்த மொழி அடுத்த புதினத்திற்கு உதவாது. தோட்டப்பயிர் கொணர்ந்த செல்வத்தையும் சரிவையும் பேசும் ‘ரப்பர்’ புதினத்திற்குக் குமரி மண்ணின் பேச்சு வேண்டியிருந்தது. இரந்துண்ண வைக்கப்படுவோரின் துயரைச் சொல்லும் ‘ஏழாம் உலகம்’ பண்பட்ட நடையை ஏற்காது. கண்ணகி கதையை மறுஆக்கம் செய்த ‘கொற்றவை’ தனித்தமிழ் நடையை நாடியது. ஒவ்வொரு முறையும் எழுத்தாளர் மொழியை முதலிலிருந்து கற்கவேண்டியவராகிறார்.

இச்சோதனை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி பதின்பருவத்தின் இறுதியில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். அவரே ‘ஒரு புளியமரத்தின் கதை’ தந்தார். தேங்காப்பட்டணத்து மக்களின் பேச்சைத் தோப்பில் முஹம்மது மீரான் தம் புதினங்களில் ஏற்றினார். தாம் வாழ்ந்த வாழ்வுக்கு ஏட்டுத் தமிழ் போதாதபோது, நாவில் வழங்கிய தமிழை அவர்கள் ஏட்டுக்குக் கொணர்ந்தனர்.

நாள்தோறும் ஓர் அத்தியாயம்

மகாபாரதத்தைப் புதினவரிசையாக்கும் ‘வெண்முரசு’ 2014 சனவரியில் தொடங்கி 2020இல் 26 நூல்களாக நிறைவெய்தியது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் இணையத்தில் வெளிவந்தது. ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்க அதில் இடமில்லை. இன்று எழுதிய சொல் நாளைய நிகழ்வைக் கட்டுப்படுத்தும். முன்னர் எழுதியது மறவாமல் நெஞ்சில் நிற்கவும் வேண்டும். கற்பனை வளத்திற்கு இணையாக ஒழுங்கும் நினைவாற்றலும் புதினக் கலைக்கு இன்றியமையாதவை என்பதற்கு இதுவே சான்று.

எழுத விழையும் இளையோர் பலர், முழுக்கதையும் உள்ளத்தில் தெளிந்தபின் எழுதலாம் என்று காலந்தாழ்த்துவர். திருவட்டாற்றுக் கருவறையில் எவர்க்கும் முழுமை முதலில் தென்படுவதில்லை. திருவடி தெரியும் வாயிலில் நின்று தொடங்கி, அடுத்த வாயிலுக்கு நகர வேண்டும். எழுத்தும் அவ்வாறே: தெரிந்த ஒரு பகுதியை உண்மையாக எழுதியவர்க்கே அடுத்த பகுதி புலனாகும்.